கோலாலம்பூரில் மார்கோஸ் கொடுத்த வாக்கு என்ன ஆனது?

தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "1977-இல் பிலிப்பீன்ஸ் அதிபர் மார்கோஸ் நம்ம கோலாலம்பூருக்கே வந்து, சபா மீதான உரிமைக் கோரிக்கையை விட்டுவிடுகிறோம் என்று சொன்னாராமே. அப்புறம் ஏன் அந்தப் பிரச்சினை இன்னும் முடியவில்லை? இப்போது சுலாவெசி கடல் விவகாரத்தில் நம் பிரதமர் அன்வாரும் இந்தோனேசிய அதிபர் பிரபோவோவும் சேர்ந்து தீர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். இதையாவது நம்பலாமா?"

நான் ஆறாம் படிவத்துக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதில் ஐந்து ஆண்டுகள் சபாவில், தாவாவில். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மார்கோஸ் என்ன சொன்னார் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1977 ஆகஸ்ட் 4. ஆசியான் தலைவர்களின் இரண்டாவது உச்சநிலை மாநாடு கோலாலம்பூரில் தொடங்குகிறது. வரவேற்றவர் அப்போதைய பிரதமர் ஹுசேன் ஓன். மார்கோஸ் தம் உரையில், ஆசியானுக்குச் சுமையாக இருப்பவற்றில் ஒன்று இந்த சபா கோரிக்கை, அதை அகற்றத் திட்டவட்டமான நடவடிக்கைகளை எடுத்துவருகிறோம் என்றார். "விட்டுவிட்டோம்" என்று அவர் சொல்லவில்லை. "விடுவதற்கு நடவடிக்கை எடுக்கிறோம்" என்றார். நிலத்தை விற்றுவிட்டேன் என்று ஒருவர் சொல்வதற்கும், விற்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அவ்வளவு வித்தியாசம் இதிலும் இருக்கிறது. அன்றைக்கு இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடைசியில் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

பிரச்சினையின் வேர் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. கோலாலம்பூரில் வளர்ந்த உங்களுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அடகுக்கடைப் பலகையில் 'பஜாக் காடாய்' என்று எழுதியிருக்கிறதே, அந்த 'பஜாக்'. வீட்டு மனைப் பத்திரத்தில் 'பஜாக்கான் 99 தாஹுன்' என்று வருகிறதே, அதுவும் அதேதான். 1878 ஜனவரி 22-இல், இன்று தெற்குப் பிலிப்பீன்ஸில் இருக்கும் சூலு தீவுகளின் சுல்தான் ஜமாலுல் அலாம், பாரன் வொன் ஓவர்பெக், ஆல்ஃபிரட் டென்ட் என்ற இரண்டு ஐரோப்பிய வணிகர்களுக்கு வட போர்னியோ (இன்றைய சபா) நிலப்பகுதியைக் கொடுத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஜாவி எழுத்தில் இருக்கும் மலாய்ப் பத்திரத்தில் 'பஜாக்' என்று இருக்கிறது. ஆங்கிலப் பத்திரத்திலோ கொடுத்தோம், விட்டுக்கொடுத்தோம் என்று இருக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒரு பக்கம் குத்தகை என்கிறது, இன்னொரு பக்கம் கிரயம் என்கிறது. ஆண்டுதோறும் 5,000 டாலர் கொடுப்பதாகப் பேச்சு. 1903-இல் இன்னும் சில தீவுகளைச் சேர்த்துக்கொண்டு அது 5,300 ஆனது.

ஆண்டுதோறும் பணம் வாங்கினால் அது குத்தகைதானே என்பது சூலு வாரிசுகளின் வாதம். என்றென்றைக்கும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும்போது எப்படிக் குத்தகையாகும் என்பது மலேசியாவின் வாதம். இதில் பலர் மறந்துபோகும் ஒரு சங்கதியும் உண்டு. இதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1877 டிசம்பரில், அதே ஓவர்பெக் புருணை சுல்தானிடமும் வட போர்னியோவுக்குப் பத்திரம் வாங்கியிருந்தார். இரண்டு சுல்தான்களும் தங்களுடையது என்று சொன்ன நிலம் அது. ஆக, சூலு சுல்தானுக்குக் கொடுக்கும் உரிமை முழுதாக இருந்ததா என்பதே அன்றைக்கே தெளிவாக இல்லாத ஒன்று. 1885-இல் மட்ரிட் உடன்படிக்கையில் ஸ்பெயின் போர்னியோ மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று பிரிட்டனிடம் எழுதிக்கொடுத்துவிட்டது. பிலிப்பீன்ஸ் தன் நாட்டை ஸ்பெயின் வழியாகத்தான் பெற்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கை அரசாங்கக் கோரிக்கையாக மாறியது 1962-இல், அதிபர் மகபகால் காலத்தில். மலேசியா உருவாகப்போகிறது என்ற பேச்சு வந்த நேரம். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐ.நா. குழு ஒன்று வந்து பார்த்தது. பெரும்பான்மை மக்கள் மலேசியாவில் சேரவே விரும்புகிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. பிலிப்பீன்ஸ் ஏற்கவில்லை, தூதரக உறவு அறுந்தது. பிறகு உறவு ஒட்டியது, ஆசியானும் உருவானது. ஆனால் 1968 மார்ச்சில் கொரெகிடோர் தீவில் நடந்தது எல்லாவற்றையும் கெடுத்தது. சபாவுக்குள் ஊடுருவ இரகசியமாகப் பயிற்சி கொடுக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் பலர் அங்கே தங்கள் மேலதிகாரிகளாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜபிடா படுகொலை என்று அதைச் சொல்வார்கள். அப்போது அதிபர் மார்கோஸ்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் மார்கோஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குடியரசுச் சட்டம் 5446. நாட்டின் கடல் எல்லைக் கோடுகளைத் திருத்தும் சட்டம்தான். ஆனால் அதன் 2ஆம் பிரிவில், சபா மீது பிலிப்பீன்ஸ் இறையாண்மை பெற்றுவிட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அதுவரை பேச்சாக இருந்த கோரிக்கை அன்றோடு நாட்டுச் சட்டமாகிவிட்டது. இந்த 2ஆம் பிரிவை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவோம்.

அப்படிப்பட்ட மார்கோஸ் ஒன்பது ஆண்டுகளில் மனம் மாறியது ஏன்? ஜபிடா கொடுமைக்குப் பிறகு தெற்கே மோரோ முஸ்லிம்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அவர்களுக்குச் சபாவில் இடமும் ஆதரவும் கிடைத்தது. சபா முதலமைச்சராக இருந்த துன் முஸ்தபா சூலு வம்சாவளியைச் சேர்ந்தவர், அவர்கள் பக்கம் அனுதாபமாக இருந்தார். 1976 தேர்தலில் அவர் கட்சி பெர்ஜாயா கட்சியிடம் தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில் திரிப்போலியில் மோரோக்களோடு மார்கோஸ் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். மலேசியாவைப் பகைத்துக்கொண்டால் தெற்கில் போர் ஓயாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் கருத்தில், அவர் கோலாலம்பூரில் பேசியபோது உண்மையாகவே அந்தச் சுமையை இறக்கிவைக்க விரும்பினார். ஆனால் விருப்பம் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதற்கு ஒரே ஓர் ஆதாரம் காட்டுகிறேன். மாணவர்களிடமும் இதைத்தான் காட்டுவேன். 1972 முதல் பிலிப்பீன்ஸில் இராணுவச் சட்டம். மார்கோஸ் கையெழுத்துப் போட்டால் அது சட்டம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கோலாலம்பூர் உரைக்குப் பத்து மாதம் கழித்து, 1978 ஜூன் 11-இல், அவர் ஆணை 1596-இல் கையெழுத்திட்டார். தென்சீனக் கடலில் உள்ள ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்தின் ஒரு பகுதியைக் 'கலயான்' என்று பெயரிட்டுப் பிலிப்பீன்ஸோடு சேர்க்கும் ஆணை அது. அதாவது, ஒரே கையெழுத்தில் தீவுகளைச் சேர்க்க முடிந்த மனிதர், ஒரே கையெழுத்தில் 2ஆம் பிரிவை அடித்துவிட்டிருக்கலாம். எட்டரை ஆண்டுகள் அதற்கு நேரம் இருந்தது. அடிக்கவே இல்லை. 1986-இல் மக்கள் அவரை விரட்டியபோது அவருடைய வாக்கும் அவரோடு விமானம் ஏறிவிட்டது. சட்டம் மட்டும் அங்கேயே இருந்தது.

அடுத்து வந்த கொரசோன் அக்கினோ முயன்றார். 1987 அரசியலமைப்பில், 'வரலாற்று உரிமையால்' நாட்டுக்குச் சொந்தமான நிலம் என்று முன்பு இருந்த சொற்களை எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு மணிலாவில் ஆசியான் உச்சநிலை மாநாடு நடக்கவிருந்தது. அதற்கு முன்பாகக் கோரிக்கையைக் கைவிட மேலவையில் மசோதாவும் வந்தது. அது நிறைவேறவில்லை. இந்தத் தடவை அதிபருக்கு நல்ல எண்ணம் இருந்தது, அதிகாரம்தான் இல்லை. சபாவை விட்டுக்கொடுத்தவர் என்று பெயர் வாங்க எந்த மேலவை உறுப்பினருக்குத் துணிவு வரும்? 2011-இல் அங்கே உச்ச நீதிமன்றம், 1968 சட்டத்தின் 2ஆம் பிரிவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது.

பேச்சுவார்த்தை மேசையிலிருந்து பார்த்தால் இது ஏதோ தூங்கிக்கொண்டிருக்கும் கோப்பு மாதிரி தெரியும். தாவாவில் இருந்தால் அப்படித் தெரியாது. என் வகுப்பில் பூகிஸ், பஜாவ், சீனர், கடசான் பிள்ளைகளோடு சூலுக் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருநாள் 1878 பத்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த சூலுக் பையன் கையைத் தூக்கி, "சிக்கு (ஆசிரியரே), என் தாத்தா சூலுவில் பிறந்து மீன் பிடிக்க இங்கே வந்தவர். அப்பாவும் நானும் தாவாவில் பிறந்தோம். இந்தக் கோரிக்கையில் நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. நீ மலேசியன், அதில் சந்தேகமே இல்லை என்று சொன்னேன். அவனுக்கு அடையாள அட்டை இருந்தது, அதனால் அப்படிச் சொல்ல முடிந்தது. பள்ளிக்கு வெளியே, மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கிய அதே வயதுப் பையன்கள் பலருக்கு எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. எந்த நாடும் இல்லாத பிள்ளைகள். பிலிப்பீன்ஸ் சபாவில் துணைத்தூதரகம் திறந்தால் மலேசியாவின் இறையாண்மையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற தயக்கம் மணிலாவில் எப்போதும் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது இந்தப் பிள்ளைகள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறாது.

2013 பிப்ரவரியில் சூலுவிலிருந்து ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று லஹாட் டத்து அருகே தண்டுவோ கிராமத்தில் வந்து இறங்கியது. எங்கள் சுல்தானின் நிலம் இது என்றார்கள். நான் அப்போது கோலாலம்பூரில் செந்தூலுக்குத் திரும்பிவிட்டேன். லஹாட் டத்துவில் கடை வைத்திருந்த பழைய மாணவி ஒருத்தி இரவில் கூப்பிட்டு, கடையெல்லாம் அடைத்துவிட்டோம், பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்திருக்கிறேன் என்று மெதுவான குரலில் சொன்னாள். அந்த மோதலில் மலேசியப் பாதுகாப்புப் படையினர் பத்துப் பேர் உயிர் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் மலேசியா அந்த ஆண்டுப் பணம் 5,300 ரிங்கிட்டை நிறுத்தியது. ஓர் அனுபவமுள்ள ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குத்தான் அந்தத் தொகை வரும். நிறுத்தியதை வைத்தே வாரிசுகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2022-இல் ஸ்பெயின் நாட்டு நடுவர் ஒருவர் பாரிஸில் 1,492 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். மலேசியா அதை எதிர்த்துப் போராடியது. பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் மலேசியாவின் பக்கம் நின்றது. ஸ்பெயினில் அந்த நடுவருக்கே நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டனை கிடைத்தது. இது தனியார் வழக்கு, மணிலா அரசாங்கம் தொடுத்தது இல்லை. என்றாலும், 1977-இலேயே கோரிக்கை சட்டப்படி முடிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தலைவர்களின் வாக்கு எப்போதுமே இப்படித்தான் முடியுமா? இல்லை. மார்கோஸ் பேசியதை மேடையிலிருந்து கேட்ட அதே ஹுசேன் ஓன், ஒன்றரை ஆண்டு கழித்து, 1979 பிப்ரவரி 21-இல் சியாங் மாய் போனார். தாய்லாந்து வளைகுடாவில் இரண்டு நாடுகளும் தங்களுடையது என்று சொன்ன கடற்பகுதி ஏறக்குறைய 7,250 சதுர கிலோமீட்டர். தகராறுக்குக் காரணம் கோ லோசின் என்று ஒரு சின்னப் பாறை. அதைத் தீவு என்று வைத்து தாய்லாந்து எல்லைக் கோடு போட்டது, மலேசியா ஒப்பவில்லை. எல்லை யாருடையது என்ற கேள்வியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அடியில் இருக்கும் எரிவாயுவை ஐம்பது ஆண்டுகளுக்குப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வோம் என்று ஹுசேன் ஓனும் தாய்லாந்துப் பிரதமர் கிரியாங்சாக்கும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டே கிரியாங்சாக் பதவி இழந்தார். 1981-இல் ஹுசேன் ஓனும் விலகினார். காகிதம் நின்றது. 1990-இல் விரிவான ஒப்பந்தமும் சட்டமும் வந்தன, 2005-இல் எரிவாயு கரைக்கு வந்தது. கையெழுத்துக்கும் எரிவாயுவுக்கும் இடையில் 26 ஆண்டுகள். இரண்டு நாட்டிலும் எத்தனையோ அரசாங்கங்கள் மாறின.

இன்னொன்று, மலேசியாவும் இந்தோனேசியாவும் தங்களுடையது என்று சொன்ன சிப்பாடான், லிகிதான் தீவுகள். 1996 அக்டோபரில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவும் நம் பிரதமர் டாக்டர் மகாதீரும் இதை அனைத்துலக நீதிமன்றத்துக்கே கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். 1997 மே 31-இல் கோலாலம்பூரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு நாடுகளும் முறைப்படி உறுதிசெய்து அது நடைமுறைக்கு வந்தது 1998 மே 14. அந்த வாரம் ஜகார்த்தா தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. சரியாக ஒரு வாரத்தில், மே 21-இல், சுகார்த்தோ பதவி விலகினார். உறுதிசெய்யும் காகிதம் பத்து நாள் தள்ளிப்போயிருந்தால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்குமோ, நினைத்தாலே பதறுகிறது. ஆனால் அது முடிந்துவிட்டது, அதனால் அடுத்து வந்த அரசாங்கங்களும் அதை மதித்தன. நடுவில் பிலிப்பீன்ஸ், சபா தன் கோரிக்கையில் இருப்பதால் தன்னையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. 2001-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தீர்ப்பு வந்தது 2002 டிசம்பர் 17. பள்ளி விடுமுறை, நான் செந்தூலில் வீட்டில் இருந்தேன். இரவுச் செய்தியில் 16க்கு 1 என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது தாவாவ் வகுப்பறைச் சுவரில் தொங்கிய வரைபடம். தாவாவ் கடற்கரையில் நின்றால் எதிரே தெரியும் செபாத்திக் தீவு, பாதி நமக்கு, பாதி இந்தோனேசியாவுக்கு. 1891-இல் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் போட்ட கோடு அதை நடுவே வெட்டிக்கொண்டு போய்க் கிழக்குக் கரையோடு நிற்கும். யாரோ ஒரு மாணவன் பந்துமுனைப் பேனாவை எடுத்து, கோட்டைக் கடலுக்குள் நேராக நீட்டிவிட்டிருந்தான். நீட்டினால் சிப்பாடானும் லிகிதானும் கோட்டுக்குத் தெற்கே, இந்தோனேசியா பக்கம் போய்விடும். இந்தோனேசியா ஹேக் நகரில் வாதாடியதும் இதையேதான். அந்தக் கோடு கடலுக்குள் போகவில்லை, கரையோடு நிற்கிறது என்றது நீதிமன்றம். அப்புறம் யார் அந்தத் தீவுகளை உண்மையில் நிர்வகித்தார்கள் என்று பார்த்தது. ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்தியது யார், பறவைச் சரணாலயம் அறிவித்தது யார், கலங்கரை விளக்கம் கட்டியது யார்? மூன்றுக்கும் விடை வட போர்னியோ அரசு. தீவுகள் மலேசியாவுக்கு வந்தன. இந்தோனேசியாவுக்குக் கசப்பு இருந்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டது. அந்த நேர்மையை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் நீதிமன்றத்திடம் கேட்டது தீவுகளைப் பற்றி மட்டுமே, கடல் எல்லையைப் பற்றி இல்லை. உங்கள் இரண்டாவது கேள்வி தொடங்குவது இங்கேதான். 2005-இல் அந்தக் கடலில் எண்ணெய் தேடும் உரிமையை மலேசியா வழங்கியதும் இரண்டு கடற்படைகளும் நேருக்கு நேர் நின்றன. நாம் அந்தப் பகுதிகளை என்.டி.6, என்.டி.7 என்கிறோம், அவர்கள் அம்பாலாட் என்கிறார்கள். 2023 ஜூன் 8-இல் புத்ராஜெயாவில் அன்வாரும் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோவும் மலாக்கா நீரிணையின் தென்பகுதிக்கும் சுலாவெசி கடலுக்கும் பிராந்தியக் கடல் எல்லை உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். 18 ஆண்டுப் பேச்சு அது. அதில் கரையோரக் கடல்தான் வருகிறது, எண்ணெய் இருக்கும் ஆழப்பகுதி வரவில்லை. 2025 ஜூன் 27-இல் ஜகார்த்தாவில் அன்வாரும் பிரபோவோவும், எல்லை முடியும்வரை காத்திருக்காமல் சேர்ந்தே மேம்படுத்துவோம் என்றார்கள். சியாங் மாயில் செய்ததைப் போன்ற யோசனைதான், நல்ல யோசனை. சபாவில் உடனே எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில், 'அம்பாலாட்' என்ற பெயரையே நாம் ஏற்பதில்லை, சுலாவெசி கடல் என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். பெயருக்கே இவ்வளவு என்றால் கோட்டுக்கு எவ்வளவு இருக்கும் பாருங்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். எண்ணத்தை நம்புகிறேன். ஆனால் மார்கோஸுக்கும் எண்ணம் இருந்ததே. அதனால் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மலேசிய அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தின் எல்லையை அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்கிறது. சபா சட்டமன்றத்தைக் கூட்டிக் கேட்கிறார்களா? ஜகார்த்தாவில் நாடாளுமன்றம் உறுதிசெய்கிறதா? பங்கு பாதிப் பாதியா, வேறு கணக்கா, எத்தனை ஆண்டுக்கு, தகராறு வந்தால் யார் தீர்ப்பது? இவை எழுத்தில் வரும் நாளில்தான் இரண்டு தலைவர்களும் போன பிறகும் அது நிற்கும் என்று நான் உங்களுக்குத் துணிந்து சொல்வேன்.

அப்படி ஒன்று வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தம்பி. உரையை அப்புறம் படிப்போம். முதலில் பின்னிணைப்பில் இருக்கும் வரைபடத்தைத் திறந்து, செபாத்திக்கின் கிழக்குக் கரையிலிருந்து கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம்.